ஸ்பேர் பஸ்ஸின் பின்படி

குருவுக்குப் புது பஸ் என்றாலே ஆகாது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குள் பெயின்ட் வாசனை போகாத வண்டி ஒன்று வந்து நின்றால் காலேஜ் பையன்கள் சுற்றி நின்று செல்ஃபி எடுப்பார்கள். இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவான். அதே இடத்தில் பம்பர் தொங்கி, சக்கரத்துக்கு மேலே தகரம் பொரிந்து, ஜன்னல் கம்பியிலிருந்து பழுப்புத் தண்ணீர் வடிந்து கோடு போட்ட கிழட்டு வண்டி ஒன்று வரட்டும், டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவான். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட என் தம்பி அப்படிக் கண் கொட்டாமல் பார்த்ததில்லை என்று அவன் அக்கா சுமலதா சொல்வாள். முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகாததற்கு அவள் கண்டுபிடித்து வைத்திருந்த காரணம் அதுதான்.

பிழைப்புக்கு ஸ்டிக்கர் கடை. நம்பர் பிளேட் எழுதுவான், வண்டிக் கண்ணாடியில் அங்காளம்மன் பெயரை வெட்டி ஒட்டுவான். மிச்ச நேரமெல்லாம் பொம்மை பஸ். பொம்மை என்று சொன்னால் கோபம் வரும் அவனுக்கு, மினியேச்சர் என்று சொல்ல வேண்டும். ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டி, முழங்கை நீளத்துக்கு ஒரு பஸ்ஸைக் கட்டிவிடுவான். அந்த மாதிரி கட்டுகிறவர்கள் தமிழ்நாட்டில் நூறு பேர் இருப்பார்கள். ஆனால் துரு வைப்பதில் குருவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவனுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பதினோராயிரம் பேர் பார்க்கிறார்கள் என்றால் அது பஸ்ஸுக்காக இல்லை, துருவுக்காக.

அதை அவன் செய்கிற விதமே தனி. முதலில் வண்டி முழுவதையும் துரு நிறத்தில் அடித்துவிடுவான். காய்ந்ததும் லேசாகத் தண்ணீர் தொட்டு அங்கங்கே தூள் உப்பைத் தூவுவான். அதன் மேல் பஸ்ஸின் உண்மையான நிறம். அதுவும் காய்ந்தபின் பழைய டூத் பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்துத் தள்ளினால், உப்பு ஒட்டியிருந்த இடத்திலெல்லாம் பெயின்ட் பெயர்ந்து உள்ளே இருக்கிற துரு எட்டிப் பார்க்கும். உப்பு எங்கே விழுகிறதோ அங்கே துரு. அதற்கு மேல், பக்கத்து வெல்டிங் பட்டறையில் பொறுக்கிய இரும்புத் தூளை வினிகரில் ஊறப்போட்டுத் தொட்டு வைப்பான், அது நிஜமாகவே துருப்பிடிக்கும். எங்கெங்கே வைப்பது என்று யாராவது கேட்டால், "தண்ணி எங்க நிக்கும்னு யோசி, அங்க வெய்யி" என்பான். இன்னொரு ரகசியமும் உண்டு, அதை யாரிடமும் சொன்னதில்லை. கை தவறிக் கத்தி பட்டாலோ, தின்னர் சொட்டு விழுந்து ஃபோம் ஷீட் உருகிப் பள்ளம் விழுந்தாலோ, அந்த இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் துரு வைத்துவிடுவான். தப்பு தப்பாகத் தெரியாது. பார்க்கிறவர்கள் அந்த இடத்தைத்தான் முதலில் பாராட்டுவார்கள்.

சுமலதாவின் வீட்டுக்காரர் செல்லப்பன் 'இளவேனில்' பஸ் சர்வீஸில் கண்டக்டர். பத்தொன்பது வருஷம் ஒரே கம்பெனி. குருவுக்கு அப்பா இல்லாத குறை தெரியாமல் பார்த்துக்கொண்டவர், ஸ்டிக்கர் கடைக்கு இடம் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். அந்தக் கம்பெனியில் ஒரு ஸ்பேர் பஸ் இருந்தது. மாதம் முழுக்க ஷெட்டில் தூங்கும். அமாவாசைக்கு மட்டும் எழுப்பி, மேல்மலையனூர் கோயில் கூட்டத்துக்கு ஸ்பெஷலாக விடுவார்கள். அந்த வண்டியை மினியேச்சராகச் செய்ய வேண்டும் என்று குரு ஒற்றைக்காலில் நின்றான்.

"ரோட்ல ஓடற நல்ல வண்டிங்கள வுட்டுட்டு இந்தக் கெழத்த இன்னாத்துக்குடா?" என்று கேட்டாலும், தை மாதத்தில் ஒருநாள் செல்லப்பனே ஷெட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். டிரைவர் பக்கம், முன்பக்கம், பின் ஏணி என்று பன்னிரண்டு போட்டோ எடுத்தான். படிகள் இருக்கிற பக்கம் காம்பவுண்டு சுவரை ஒட்டி நின்றதால் போட்டோ எடுக்கத் தோதில்லை. வயிற்றை எக்கிக்கொண்டு சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் நுழைந்து, அரை இருட்டில் ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

இரண்டு மாதம் உழைத்து முடித்து, செய்தவற்றிலேயே இதுதான் சிறந்தது என்று தோன்றியதால் அக்கா வீட்டுக்கே கொடுத்தான். செல்லப்பன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கம்பெனி மானத்த வாங்கறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது மச்சான்" என்றார். சுமலதா அதை டிவி ஸ்டாண்டின் மேல் வைத்தாள், படி இருக்கிற பக்கம் ரொம்ப அசிங்கமாக இருக்கிறது என்று அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி. குருவுக்கு ஒரு வாரம் மனசு ஆறவில்லை.

ஆடி அமாவாசை வந்தது. அன்றைக்கு மதியம் மழை. ஸ்பேர் பஸ்ஸில் செல்லப்பனுக்கு டியூட்டி போட்டிருந்தார்கள். படி வழுக்காமல் இருக்க யாரோ கோணி விரித்திருந்தார்கள், அந்தக் கோணியும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கூட்டம். வழியில் வளத்தி ஊரில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. நூறடிகூடப் போகவில்லை. பின்படியில் நின்றிருந்த ஒரு அம்மா கீழே விழுந்தாள், பின்சக்கரம் ஏறிவிட்டது. மண்டகப்பட்டுக்காரி, பெயர் உண்ணாமலை, வயது ஐம்பத்திரண்டு.

பார்த்த ஜனங்கள் ஆளுக்கொரு ஊர். கால் வழுக்கியது என்றார் ஒருவர், பிடி கிடைப்பதற்கு முன்பே கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார் என்றார் இன்னொருவர். கோணியோடு ஏதோ மடக்கென்று முறிந்த மாதிரி இருந்தது என்று சொன்ன ஒரு கிழவியை அப்புறம் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. முதலாளி அன்றிரவே சக்கரத்தைக் கழுவ வேண்டும் என்று வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். மறுநாள் ஸ்டேஷனுக்கு வந்தபோது அதன் படிகளில் பளபளவென்று புதுத் தகடு இருந்தது. போன மாதமே தகடு போட்டாயிற்று என்று ஒரு பில்லும் இருந்தது. கவனக்குறைவால் உயிர்போகக் காரணம் என்று டிரைவர் மேலும் கண்டக்டர் மேலும் கேஸ் போட்டார்கள். டிரைவரோ, கண்ணாடியில் பார்த்தேன், விசில் வந்தது, எடுத்தேன் என்றான். மிச்சமெல்லாம் விசில் கொடுத்தவர் தலையில் வந்து உட்கார்ந்தது.

செல்லப்பனை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். ஜாமீனில் வந்து வீட்டில் கிடந்தார். எந்நேரமும் பேசிக்கொண்டே இருக்கிற மனிதர், பேச்சை நிறுத்தினார். சோற்றில் கை வைப்பார், பிசைவார், எழுந்துவிடுவார். பஸ் ஹாரன் சத்தம் கேட்டால் உள் அறைக்குப் போய்விடுவார். "அந்தாள இந்த மாதிரி பாக்க முடியலடா" என்று சுமலதா தம்பியின் கடைக்கு வந்து அழுதுவிட்டுப் போவாள். அவன் என்ன செய்வான், ஸ்டிக்கர் வெட்டுவான்.

ஒருநாள் காலையில் போன் வந்தது. "மச்சான், எங்க இருக்கற? உடனே வூட்டுக்கு வா."

குரு ஓடினான். ஏதாவது செய்துகொண்டாரோ என்றுதான் ஓடினான். செல்லப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் மினியேச்சர் பஸ், படிப்பக்கம் மேலே பார்க்க. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு தெம்பு தெரிந்தது.

"இத பாரு. பின்னாடி ரெண்டாவது படி."

குரு பார்த்தான். இரண்டாம் படியின் ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ஓட்டை. சுற்றிலும் தகரம் தின்னப்பட்டு, விளிம்பு சுருண்டு, உள்ளே இருட்டு தெரிந்தது. அவன் கைவேலைதான்.

"இங்கதான் மச்சான் அந்தம்மா காலு உள்ள போயி வுழுந்துது. இதேதான். நீ பாத்துதானே வெச்ச?"

"ஆமா மாமா."

அந்த இரண்டு சொல்லை அவன் யோசித்துச் சொல்லவில்லை. இங்கேதான் கால் போனது என்று வண்டியில் இருந்த மனிதரே சொல்கிறார். அப்படியானால் ஓட்டை இருந்திருக்க வேண்டும், இருந்திருந்தால் தான் பார்த்திருக்க வேண்டும். அதுவும் போக, வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கம்பெனி மானத்தை வாங்குகிறாய் என்று சிரித்த அதே மனிதர் இன்றைக்கு இதேதான் என்கிறார். அதைவிட ஒரு பாராட்டு உண்டா?

மறுநாள் கடையில் உட்கார்ந்து ஒரு ஆட்டோவுக்கு எழுத்து வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் கத்தி நின்றது. பார்த்தேனா?

சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் நுழைந்தது நினைவிருந்தது. சட்டையில் சுண்ணாம்பு ஒட்டியது, கம்பளிப்பூச்சி ஒன்று கையில் ஏறியது, எல்லாம் நினைவிருந்தது. படி மட்டும் வரவில்லை. பார்த்து, வந்து, செய்திருக்கலாம். அல்லது எல்லாக் கால்களும் மிதிக்கிற இடம், மழைத் தண்ணீர் தேங்குகிற இடம், இங்கே ஓட்டை விழாமல் எங்கே விழும் என்று இந்த மேஜையில் உட்கார்ந்தபடியே முடிவு செய்திருக்கலாம். மூன்றாவது ஒன்றும் இருந்தது. பங்குனி மாதம் தின்னர் பாட்டில் ஒருதரம் கவிழ்ந்தது. இரண்டு மூன்று துண்டுகள் உருகிப்போயின. எவற்றைத் தூக்கி எறிந்தான், எதைத் துரு வைத்துச் சரிக்கட்டினான்? யாருக்குத் தெரியும்?

போனில் இருந்த பன்னிரண்டு போட்டோவையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். படி ஒன்றில்கூட இல்லை. அடுத்த அமாவாசைக்கு ஸ்பேர் பஸ் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது. கேஸில் மாட்டிய வண்டி என்று அதன் நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது, ஜனம் அடித்துப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தது. குரு குனிந்து படிக்கு அடியில் பார்த்தான். கறுப்பு பெயின்ட். இரண்டாம் படியில் ஏறி நின்று காலால் அழுத்திப் பார்த்தான். புதுத் தகடு கல் மாதிரி இருந்தது. "அண்ணே, ஏறு, இல்ல எறங்கு. வழிய மறிச்சிக்கினு நிக்காத" என்றான் கிளீனர்.

சரி, மாமாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனான். சுமலதா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "நீ ஆமான்னு சொன்ன அன்னிக்குத்தான்டா அவரு வயிறாற சாப்ட்டாரு. நேத்து பொண்ணு கூட உக்காந்து டிவி பாத்தாரு. அவ 'நைனா சிரிக்குது'ன்னு வந்து என்கிட்ட சொல்றாடா." உள்ளே செல்லப்பன் தாடி எடுத்து, பனியன் மாற்றி, மச்சானுக்காக டீ போட்டுக்கொண்டிருந்தார். குரு டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டான். யாராக இருந்தாலும் டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

ஒன்றரை வருஷம் ஓடியது. செல்லப்பன் ஒரு அரிசிக் கடையில் மூட்டை எண்ணினார். கேஸ் சாட்சி விசாரணைக்கு வந்தபோது செல்லப்பனின் வக்கீல் பாண்டுரங்கன் குருவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பொம்மையெல்லாம் சாட்சி ஆவாது தம்பி. நீதான் சாட்சி. பொம்ம பக்கத்துல இருந்தா நீ சொல்றதுக்கு ஒரு வெயிட்டு, அவ்ளோதான். தை மாசம் ஷெட்டுக்குப் போனேன், ரெண்டாவது படியில ஓட்டைய பாத்தேன். முடிஞ்சிது. நெனைக்கறேன், இருக்கலாம், மாதிரி, இந்த மூணு வார்த்தையும் வாயில வரவே கூடாது."

"சரிங்க சார்."

"பாத்த இல்ல?"

"பாத்தேன் சார்." அதற்குள் அந்தச் சொல் அவன் வாயில் நன்றாகப் பழகிவிட்டிருந்தது.

கோர்ட்டு நாளன்று பஸ்ஸை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, சுற்றிலும் பழைய துணி அடைத்து எடுத்துக்கொண்டு போனான். தாழ்வாரத்துப் பெஞ்சில் பெட்டியைத் திறந்து, ஏதாவது உடைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, காலில் செருப்பில்லை. செத்துப்போன உண்ணாமலையின் புருஷன், பெயர் பாவாடை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் மண்டகப்பட்டிலிருந்து வந்து, ஒரு மூலையில் நின்றுவிட்டுப் போகிறவர்.

"இதுதானா தம்பி அந்த வண்டி?"

குரு தலையை ஆட்டினான்.

"எந்தப் படி?"

காட்டினான். அவர் குனிந்து பார்த்தார். கரடுமுரடான ஒரு விரலை நீட்டி ஓட்டையின் ஓரத்தைத் தொட்டார், உடைந்துவிடுமோ என்று பயந்து உடனே எடுத்துக்கொண்டார்.

"இது முன்னாடியே இப்படித்தான் இருந்துதா?"

"ஆமாங்க. நான் ஆறு மாசம் முன்னாடியே பாத்தேன்."

பாவாடை அந்த விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். அப்புறம், கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கேட்கிறவராகக் கேட்டார்.

"அப்ப யார்கிட்டயாவது சொல்லி இருக்கலாமே தம்பி?"

இத்தனை நாளில் இந்தக் கேள்வி குருவுக்குத் தோன்றவே இல்லை. ஓட்டையைப் பார்த்தேனா பார்க்கவில்லையா என்றே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தானே தவிர, பார்த்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும் என்று நினைத்ததில்லை. பார்த்திருந்தால் என்ன செய்திருப்பான் என்பது அவனுக்கே நன்றாகத் தெரியும். ஆகா, துரு என்ன அழகாகத் தின்றிருக்கிறது என்று ரசித்துவிட்டு வந்திருப்பான். ஷெட்டில் நான்கு பேர் இருந்தார்கள், மாமா பக்கத்திலேயே இருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டான். இந்த மனிதர் முன்னால் உட்கார்ந்திருக்கவே அவனுக்குக் கூசியது. பெட்டியை மூடினான். அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கூண்டில் ஏறி, உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டேன் என்று உறுதி சொன்னான். பாண்டுரங்கன் கேட்க, சொல்லிக்கொடுத்தபடியே சொன்னான். ஷெட்டுக்குப் போனேன். பார்த்தேன். இரண்டாம் படி. மாஜிஸ்ட்ரேட் அம்மாள் பெட்டியிலிருந்த பஸ்ஸை எட்டிப் பார்த்து, "ரொம்ப நுணுக்கமா செஞ்சிருக்கீங்க" என்றுகூடச் சொன்னார். சுவர் ஓரத்தில் நின்ற செல்லப்பன் நிமிர்ந்து நின்றார்.

அரசு வக்கீல் எழுந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, குரல் உயர்த்தவே இல்லை. தன் போனை எடுத்து நீட்டினார்.

"இது நீங்க செஞ்சதுதானே?"

அவனுடைய இன்ஸ்டாகிராம் பக்கம். வெள்ளை நிறத்தில் ஒரு மினியேச்சர் பஸ், கூரை ஓரமெல்லாம் துரு வடிந்து.

"ஆமாங்கம்மா."

"இந்த வண்டி ரோட்டுக்கு வந்து எவ்வளவு நாள் ஆகியிருந்துது அப்போ?"

"மூணு மாசங்க."

"மூணு மாச வண்டியில இவ்வளவு துரு இருந்துதா?"

"இல்லீங்க. அது அழகுக்கு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பெட்டியைக் காட்டினார்.

"அப்படின்னா இந்த வண்டியில எது நீங்க பாத்த துரு, எது அழகுக்கு வெச்ச துருன்னு அம்மாவுக்குத் தொட்டுக் காட்டுங்க."

குரு கையை நீட்டினான். பின் ஏணி, அது பார்த்தது, போட்டோ இருக்கிறது. பம்பர், பார்த்தது. சக்கரத்துக்கு மேலே, அது உப்பு விழுந்த இடம். ஜன்னலுக்குக் கீழே இருக்கிற கோடுகள், மூன்று பார்த்தவை, மிச்சம் தண்ணீர் எப்படி வடியும் என்று யோசித்து இழுத்தவை. பின்பக்கத்து மூலை, கத்தி பட்டுவிட்டது. சொல்லச் சொல்ல அவனுக்கே கேட்கச் சகிக்கவில்லை. விரல் படிக்கு வந்தது.

"இது?"

"பாத்தேங்க."

"அந்த ஓட்டைய எப்படிப் பண்ணீங்க? கத்தியால வெட்டினீங்களா, சூடு வெச்சீங்களா?"

விரல் படியின் மேலேயே நின்றது. வெட்டியிருந்தால் கைக்கு நினைவிருக்க வேண்டும். இவ்வளவு சின்ன ஓட்டையை இவ்வளவு ஒழுங்கில்லாமல் வெட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், அது நினைவில்லாமல் போகுமா? மாஜிஸ்ட்ரேட் அம்மாளே, "பயப்படாம சொல்லுங்க, தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாம்" என்றார். அந்த அன்பான குரல்தான் அவனை உடைத்தது.

"ஞாபகம் இல்லீங்கம்மா."

டைப் அடிக்கிறவர் அதை அடித்தார். "வேற கேள்வி இல்லை" என்று அரசு வக்கீல் உட்கார்ந்தார். பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் பாண்டுரங்கன், "மூணு வார்த்த சொல்லாதன்னேன், நீ நாலாவது ஒன்ன கண்டுபிடிச்சிட்ட" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேஸுக்குப் போய்விட்டார். குருவும் செல்லப்பனும் ரோட்டோரத்து வேப்பமரத்தடியில் பஸ்ஸுக்காக நின்றார்கள். வெயில் ஏறியிருந்தது. திட்டுவார் என்று குரு காத்திருந்தான். இரண்டு அறை விட்டால்கூட நன்றாக இருந்திருக்கும். செல்லப்பன் அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கித் தான் வைத்துக்கொண்டார்.

"வுடு மச்சான். கூண்டுல ஏறனா யாருக்கும் நாக்கு ஒட்டிக்கும். அந்த வக்கீலம்மா கேட்ட கேள்விக்கு நானா இருந்தாலும் ஒளறித்தான் இருப்பேன்." பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார். "அவங்க நம்பாட்டி போவட்டும். என்கிட்ட சொல்லு. நீ பாத்த இல்ல?"

அதற்கு மேல் சுமக்க முடியாது என்று குருவுக்குத் தோன்றியது.

"மாமா, எனுக்கு நெஜமாவே தெரியல. நீதான் பாத்த. படிக்குள்ள காலு போனத நீ பாத்தன்னு சொன்னதாலதான் நானும் ஆமான்னேன். நீ பாத்தது போதும் மாமா. நீயே ஏறிச் சொல்லிடு. நான் பாத்தனா இல்லியான்றது எதுக்கு?"

செல்லப்பன் அவனையே பார்த்தார்.

"நான் எங்கடா பாத்தேன்?"

"மாமா?"

"நான் முன்னாடி டிக்கெட் கிழிச்சிக்கினு இருந்தேன். ஏறியாச்சான்னு கேட்டேன், எவனோ ஏறியாச்சின்னான். விசில் குடுத்தேன். சத்தம் கேட்டுது. எறங்கி ஓடனேன். அந்தம்மா கீழ கெடந்தா. அவ்ளோதான் நான் பாத்தது." அவர் குரல் தேய்ந்துகொண்டே போனது. "வூட்ல ஒக்காந்துக்கினு உன் பஸ்ஸத் திருப்பனப்புறம்தான் அந்த ஓட்டையே எனுக்குத் தெரியும். நீ காரணம் இல்லாம வெக்க மாட்ட, அப்ப இங்கதான் காலு போயிருக்கணும்னு நெனச்சேன். உன்ன கேட்டேன். நீ ஆமான்ன."

அவர் பார்த்தார் என்று இவன் நம்பியிருந்தான், இவன் பார்த்தான் என்று அவர் நம்பியிருந்தார். ஒன்றரை வருஷம் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து நின்றிருந்தார்கள், இரண்டு பேருக்கும் காலடியில் தரை இல்லை. ஓட்டை இருந்திருக்கலாம். அந்தக் கிழவி சொன்னது உண்மையாகவே இருக்கலாம். முதலாளி ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் மூடி மறைத்திருக்கலாம். இனி எந்தக் கோர்ட்டாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது, இந்த இரண்டு பேராலும் முடியாது.

"நல்லா யோசிச்சிப் பாரு மச்சான்." செல்லப்பன் கெஞ்சினார். அவர் கெஞ்சிக் குரு கேட்டதே இல்லை. "அந்தச் சொவருகிட்ட நின்ன இல்ல? குனிஞ்சி பாத்த இல்ல?"

பாத்தேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வக்கீலிடம் சொன்னான், செத்தவளின் புருஷனிடம் சொன்னான், சத்தியம் செய்துவிட்டு நீதிபதி முன்னால் சொன்னான். தடையில்லாமல் வந்த அந்தச் சொல், தன்னை வளர்த்த இந்த மனிதரிடம் வரவில்லை. அவர் அவன் முகத்திலேயே பதிலைப் படித்துவிட்டார்.

"அப்ப நான் குடுத்த விசில்தான்" என்றார் செல்லப்பன்.

"அப்பிடி இல்ல மாமா, அதுவும் தெரியாது—"

"சரி, சரி." அவர் பெட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. நிறுத்தத்தில் நின்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தார்கள். அவர் நகரவில்லை.

"உங்க அக்காகிட்ட மட்டும் இத சொல்லிடாத குரு" என்றார். "அவ கேட்டா, நீ பாத்தன்னே சொல்லு."